டிஜிட்டல் அரசு சேவைக்கு மக்கள்கிட்ட கருத்து கேட்கிறது எப்படி: எதை முதல்ல செய்யணும், எங்க வழுக்கும்

அரசு சேவை ஒண்ணை ஆன்லைனுக்கு கொண்டு வர்ற டீம்ல இருக்கீங்க, ப்ராஜெக்ட் ப்ளான்ல "பொதுமக்கள் கருத்து பெறப்படும்"னு ஒரு வரி இருக்கு, அதை யார் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அந்த மாதிரி ஆளுங்களுக்காக எழுதுறது இது.

புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் சர்வே லிங்க்ல ஆரம்பிக்கிறாங்க. லிங்க் போகுது, பதில் வந்து குவியுது, அதை வச்சு என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல, மூணு மாசம் கழிச்சு அந்த எக்செல் ஷீட்டை திறக்கக்கூட ஆள் இல்ல. சர்வே எடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அதோட முறை ரொம்ப பின்னாடி தான் வருது. கீழ இருக்கற வரிசையை மாத்தாம போங்க, ஏன் அந்த வரிசைன்னு அங்கங்க சொல்லியிருக்கேன்.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல வேணும்னா ஒரு பேரு வேணும். வர்ற கருத்தை பார்த்து "சரி, மாத்துங்க"ன்னு கையெழுத்து போடற அதிகாரம் உள்ள ஒரே ஒருத்தர் பேரு, எழுத்துல. கமிட்டின்னு எழுதிக்கிட்டு வந்தா திருப்பி அனுப்புங்க, ஏன்னா கமிட்டி கூடறதுக்குள்ள நீங்க ஸ்க்ரீனை முடிச்சு லைவ்ல விட்டிருப்பீங்க.

ஐஸ்லாந்துல புது அரசியலமைப்பு எழுத 2011ல 25 பேர் கவுன்சில் போட்டாங்க, ட்ராஃப்ட்டை அப்பப்போ ஆன்லைன்ல போட்டு ஃபேஸ்புக்ல கூட கருத்து வாங்கினாங்க, 2012 அக்டோபர்ல வாக்கெடுப்புல மூணுல ரெண்டு பங்கு பேர் அதையே அடிப்படையா வச்சுக்கலாம்னு சொன்னாங்க, இருந்தும் நாடாளுமன்றம் அதை நிறைவேத்தல. கடைசி முடிவு பார்லிமென்ட் கையில, வாக்கெடுப்பு ஆலோசனை தான், அதுக்கு மேல அவங்களை எதுவும் கட்டுப்படுத்தல. உங்க சேவை அவ்வளவு பெருசா இருக்காது, ஆனா பிரச்சனை அதே பிரச்சனை தான்: கருத்து கேட்கறது ஒருத்தர், முடிவு இன்னொருத்தர் கையில.

ரெண்டாவது, ஒப்பந்தம். வெளி நிறுவனம் தான் சாஃப்ட்வேர் செய்யுதுன்னா, ஒரு பட்டனை நகர்த்தறதுக்கும் தனி சேஞ்ச் ரிக்வெஸ்ட், தனி பணம்னு இருக்கும். அப்படி இருந்தா மக்கள் சொன்னதை எதையும் செய்ய முடியாது, எல்லாத்துக்கும் "பட்ஜெட் இல்ல"ன்னே பதில் வரும். கருத்து கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு மூணு ரவுண்டு மாற்றம் வரும்னு ஒப்பந்தத்துலயே நேரம் ஒதுக்கி எழுதுங்க. கையெழுத்து ஆயிடுச்சுன்னா, அடுத்த திருத்தத்துல சேர்க்க முடியுமான்னு இன்னைக்கே கேளுங்க. என்னை கேட்டா இந்த ஒரு விஷயத்துல தான் பாதி திட்டம் தோக்குது, ஆனா மீட்டிங்ல இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கறதில்ல.

மூணாவது, பதில் எழுத ஒரு ஆள். நாலாவது, கருத்து சொல்றவங்களோட போன் நம்பர், பேரு இதெல்லாம் வாங்கினா எங்க வைப்பீங்க, எப்போ அழிப்பீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதின குறிப்பு. தேவையில்லைன்னா வாங்கவே வாங்காதீங்க. அஞ்சாவது, வர்றவங்களோட போக்குவரத்து செலவு, சைகை மொழிபெயர்ப்பாளர், வேற மொழி பேசறவங்களுக்கு உதவிக்கு ஆள், இதுக்கெல்லாம் கொஞ்சம் பணம். இது இல்லாம கூட்டம் போட்டா நேரமும் வசதியும் இருக்கறவங்க மட்டும் தான் வருவாங்க, அப்புறம் அவங்க கருத்து தான் "மக்கள் கருத்து"ன்னு ரிப்போர்ட்ல போகும்.

2. எது இன்னும் முடிவாகல, எது முடிஞ்சுபோச்சு: ரெண்டையும் எழுதுங்க

ஒரு தாளை எடுத்து ரெண்டு பாகமா பிரிங்க. சட்டத்துல இருக்கறது, வேற துறை கையில இருக்கறது, ஏற்கனவே வாங்கி முடிச்ச சாஃப்ட்வேரோட எல்லை, இதெல்லாம் மாறாத பக்கம். எத்தனை ஸ்க்ரீன், எந்த ஆவணத்தை ஏத்துக்கலாம், பணம் எந்த கட்டத்துல கட்டணும், நிராகரிச்சா என்ன மெசேஜ் போகணும், இதெல்லாம் மாறக்கூடிய பக்கம்.

மாறாத பக்கத்தையும் மக்களுக்கு காட்டணும். நிறைய அதிகாரிங்க இதுக்கு பயப்படறாங்க, "முடியாதுன்னு முதல்லயே சொன்னா யார் வருவா"ன்னு. உண்மையில மக்களுக்கு முடியாதுங்கறது பெரிய பிரச்சனை இல்ல, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினதுக்கு அப்புறம் "அது சட்டத்துல இருக்கு சார்"னு கேட்கறது தான் எரிச்சல்.

பொதுமக்கள் பங்கேற்புக்கான சர்வதேச சங்கம் (ஐஏபி2) அஞ்சு நிலை வச்சிருக்கு: தெரியப்படுத்தறது, ஆலோசனை கேட்கறது, உள்ள இழுக்கறது, கூட்டா செய்யறது, முடிவையே அவங்ககிட்ட விடறது. உங்களோடது இதுல எதுன்னு அழைப்புலயே சொல்லிடுங்க. சும்மா தெரியப்படுத்தறதை "கலந்தாய்வு"ன்னு பேரு வச்சு கூப்பிட்டா அடுத்த தடவை கூப்பிடும்போது ஆள் வராது.

மாறக்கூடிய பக்கம் காலியா இருக்கா? அப்போ கருத்து கேட்கற வேலையை நிறுத்துங்க, நிஜமா தான் சொல்றேன், அறிவிப்பு ஒண்ணு போட்டுட்டு போங்க. கேட்டு கெடுக்கறதுக்கு கேட்காம இருக்கறது மேல்.

3. பதில் சொல்ற டேபிளை கேள்விக்கு முன்னாடியே போடுங்க

இந்த வழிகாட்டியில ஒரே ஒரு படியை தான் எடுத்துக்கப்போறீங்கன்னா இதை எடுத்துக்கோங்க. கருத்து எல்லாம் வந்து முடிஞ்சு, நீங்க வெளியிடப்போற பதில் பக்கம் எப்படி இருக்கும்னு முதல்லயே செஞ்சு வைக்கணும். அதுல அஞ்சு காலம் (டேபிளோட நெடுக்கு வரிசை): என்ன சொன்னாங்க, எந்த மாதிரி ஆளுங்க சொன்னாங்க, என்ன முடிவு, ஏன், எப்போ.

முடிவுங்கற காலத்துல நாலே பதில் தான் இருக்கலாம்: மாத்தியாச்சு; அடுத்த வெர்ஷன்ல மாத்தறோம்; மாத்த முடியாது; எங்க கையில இல்ல (இன்ன துறைக்கு அனுப்பியாச்சு). "பரிசீலிக்கப்படும்"னு ஒரு அஞ்சாவது பதிலை யாராவது சேர்க்க வருவாங்க, விடாதீங்க. விட்டீங்கன்னா டேபிள் முழுக்க அதே தான் இருக்கும்.

இப்போ கற்பனையா நாலஞ்சு வரிசை நிரப்பிப் பாருங்க. உதாரணமா:

"போட்டோ அப்லோட் ஆகல, ஏன்னு சொல்லல" / மொபைல்ல விண்ணப்பிச்சவங்க, உதவி மையத்துல வேலை செய்யறவங்க / மாத்தியாச்சு / ஃபைல் பெருசா இருந்தா இனிமே சிஸ்டமே சின்னதாக்கிக்கும், ஆகலைன்னா காரணம் திரையில வரும் / இந்த மாசக் கடைசி வெர்ஷன்.

இப்படி நிரப்பும்போது சில கேள்விக்கு எந்த பதில் வந்தாலும் முடிவு காலத்துல போட ஒண்ணும் இல்லைன்னு தெரியவரும். "எங்க போர்ட்டலுக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்க"ங்கறது அந்த ரகம். மூணு புள்ளி எட்டு வந்தா என்ன மாத்துவீங்க? தெரியாதுன்னா அந்த கேள்வியை தூக்கிடுங்க.

4. யாரையெல்லாம் கேட்கணும்

"பயனாளிகள்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடாதீங்க. ஒரு விண்ணப்பம் ஆரம்பிச்சதுல இருந்து கையில சான்றிதழ் வர்ற வரைக்கும் எத்தனை பேர் தொடறாங்கன்னு வரிசையா எழுதுங்க. விண்ணப்பிக்கறவர், அவருக்காக போன்ல தட்டி கொடுக்கற மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ, கட்டணம் வாங்கிக்கிட்டு நிரப்பி கொடுக்கற உதவி மையக்காரர், கவுன்ட்டர் ஊழியர், கால் சென்டர்ல போன் எடுக்கறவர், ஆவணத்தை சரிபார்க்கற அதிகாரி, டேட்டா கொடுக்கற இன்னொரு துறை, பணம் போற பேங்க். இவங்க கூட இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கு, அதை தான் எல்லாரும் மறக்கறாங்க: பாதியில விட்டுட்டு போனவங்க, அப்புறம் இந்த சேவை ஆன்லைனுக்கு வந்தா வருமானமோ அதிகாரமோ குறையப்போறவங்க.

கடைசி கூட்டத்தை தனியா கூப்பிட்டு பேசுங்க. பொதுக் கூட்டத்துல அவங்க "வயசானவங்களுக்கு கஷ்டம் சார்"னு தான் சொல்லுவாங்க, அவங்க நிஜ கவலை என்னன்னு வெளிய வராது. தனியா பேசினா, அவங்க இதுவரைக்கும் செஞ்சிட்டிருந்த வேலையில எது உங்க ப்ளான்ல விட்டுப்போச்சுன்னு சொல்லுவாங்க. இடைத்தரகர்னு ஒதுக்கற ஆளுக்கு தான் எந்த ஆவணம் எந்த காரணத்துக்கு திரும்பி வருதுன்னு மனப்பாடமா தெரியும்.

ஊழியர்களை கேட்கறது மரியாதைக்காக செய்யற வேலைன்னு நினைக்கறவங்களுக்கு பிரிட்டிஷ் தபால் துறையோட ஹொரைசன் சாஃப்ட்வேர் கதை போதும். 1999ல இருந்து கிளைகளுக்கு வந்த கணக்கு சாஃப்ட்வேர் அது. இல்லாத பணப் பற்றாக்குறையை காட்டுச்சு, கிளை நடத்தினவங்க போன் பண்ணி தப்பா காட்டுதுன்னு சொன்னாங்க, "உங்களுக்கு மட்டும் தான் இப்படி வருது"ன்னு பலருக்கு பதில் போச்சு. 900 பேருக்கு மேல தண்டனை வாங்கினாங்க, வருஷக்கணக்கா கழிச்சு தான் அது அநியாயம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒவ்வொருத்தரும் தனித்தனியா கூப்பிட்டப்போ எல்லா புகாரையும் ஒரே மேஜையில வச்சுப் பார்த்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். அதனால ஊழியர்கள்கிட்ட இருந்து வர்ற தகவல் மேனேஜர் வழியா வடிகட்டி வரக்கூடாது, நேரா உங்க டீமுக்கு வரணும்.

5. ஏற்கனவே சொன்னதை மறுபடியும் கேட்காதீங்க

புதுசா யாரையும் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பழைய தகவலை தோண்டுங்க. கால் சென்டர் பதிவு, புகார் மனு, நிராகரிச்ச விண்ணப்பங்கள்ல எழுதியிருக்கற காரணம், வெப்சைட்ல ஜனங்க தேடின வார்த்தை, எந்த ஸ்க்ரீன்ல எத்தனை பேர் வெளியேறினாங்கங்கற கணக்கு.

ஆபீஸுக்கு நேர்ல போனா கவுன்ட்டர் கண்ணாடியை பாருங்க. கையால எழுதி செலோடேப் போட்டு ஒட்டின தாள் எத்தனை இருக்கோ அத்தனையும் உங்க ஃபார்ம்ல இருக்கற ஓட்டை. "விண்ணப்ப எண் கட்டாயம் எழுதி வரவும்"னு ஒட்டியிருக்கா? அப்போ உங்க சிஸ்டம் அந்த எண்ணை எஸ்எம்எஸ்ல அனுப்பல, இல்ல அனுப்பினாலும் யாருக்கும் புரியற மாதிரி இல்ல. அந்த தாள்களை போட்டோ எடுத்துட்டு வாங்க, பல சர்வேயில கிடைக்காதது அதுல கிடைக்கும்.

இந்த படி ஏன் இங்கன்னா, மக்கள் ஏற்கனவே பத்து தடவை புகார் கொடுத்த விஷயத்தை "உங்களுக்கு என்ன பிரச்சனை"ன்னு பதினோராவது தடவை கேட்டா கோவம் தான் வரும். "இது இது தெரியும், சரி பண்ணிட்டிருக்கோம், இதைத் தவிர என்ன"ன்னு கேட்டா பேச்சு வேற மட்டத்துக்கு போகும்.

6. சொல்றதை கேட்கறதுக்கு முன்னாடி செய்யறதை பாருங்க

ஜனங்க தங்களுக்கு எங்க கஷ்டம்னு சரியா சொல்ல மாட்டாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, சிஸ்டம் மேல தப்பு இருந்தாலும் "எனக்கு தான் தெரியல"ன்னு நினைச்சுப்பாங்க. அதனால பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, அவங்களோட போன்லயே, அவங்க சிக்னல்லயே. ஆபீஸ் வைஃபைல புது லேப்டாப் கொடுத்து பார்த்தா உங்களுக்கு பிடிச்ச பதில் தான் கிடைக்கும்.

என்ன தெரியும்னு ஒரு உதாரணம். ஓடிபி கேட்கற ஸ்க்ரீன். ஓடிபி வந்த சத்தம் கேட்குது, அவர் மெசேஜ் ஆப்பை திறக்கறார், நம்பரை ஒரு தடவை வாய்விட்டு படிக்கறார், திரும்பி பிரவுசருக்கு வர்றார், பழைய போன்ங்கறதால பேஜ் மறுபடியும் லோட் ஆகுது, நிரப்பின எல்லாம் காலி. அவர் ஒண்ணும் சொல்லல. முதல்ல இருந்து நிரப்பறார், இந்த தடவை ஓடிபி வந்ததும் நோட்டிஃபிகேஷன் மேல தெரியற அந்த ரெண்டு செகண்டுக்குள்ள பேப்பர்ல எழுதிக்கறார். அப்புறம் "எப்படி இருந்துச்சுங்க"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ங்கறார். சர்வேன்னா இதுக்கு அஞ்சு நட்சத்திரம் விழுந்திருக்கும்.

எத்தனை பேரை பார்க்கணும்? வெப்சைட் பயன்படுத்த எளிதா இருக்கான்னு ஆராயற நிபுணர் ஜேக்கப் நீல்சன் பிரபலமாக்கின கணக்குப்படி அஞ்சு பேரை பார்த்தாலே சுமார் 85 சதவீத பிரச்சனை தெரிஞ்சிடும். அது சராசரி கணக்கு, ஒரே மாதிரி ஆளுங்களுக்கு பொருந்தறது. பார்வை இல்லாம ஸ்க்ரீன் ரீடர் (திரையில இருக்கறதை சத்தமா படிச்சு சொல்ற சாஃப்ட்வேர்) வச்சு படிக்கறவங்க, மத்தவங்களுக்காக நிரப்பறவங்க, எழுத்துக்கூட்டி படிக்கறவங்கன்னா ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனியா அஞ்சு பேர். மொத்தமா இருபது பேரை ஒரே நாள்ல உட்கார வைக்கறதை விட, அஞ்சு பேரை பார்த்து சரி பண்ணிட்டு அடுத்த அஞ்சு பேரை பார்க்கறது நல்லது, ஏன்னா முதல் பெரிய தடையை எடுத்தா தான் அதுக்கு பின்னாடி இருக்கற தடை கண்ணுக்கு தெரியும்.

உட்கார்ந்திருக்கும்போது வாயை மூடிக்கோங்க. அவர் திணறும்போது "கீழ ஸ்க்ரோல் பண்ணுங்க"ன்னு சொல்லத் தோணும். சொன்னா அன்னைக்கு வேலை வீண். பார்க்கறதுக்கும் பதிவு பண்றதுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்குங்க, அவரோட நிஜ அடையாள எண்ணை டெஸ்ட்ல போட வைக்காதீங்க.

7. கேள்வியை எழுதறது

இப்போ தான் கேள்விக்கு வர்றோம். "புதிய தளம் பயன்படுத்த எளிதாக உள்ளதா?"ன்னு கேட்டா அதுல பதிலும் சேர்ந்தே இருக்கு. அதுக்கு பதிலா "போன தடவை விண்ணப்பிச்சப்போ எங்க நின்னுபோச்சு, அப்புறம் என்ன பண்ணீங்க?"ன்னு கேளுங்க. நடந்ததை கேட்டா நிஜம் வரும், கருத்தை கேட்டா மரியாதை வரும்.

"என்ன வசதி வேணும்"னு கேட்கறதும் வேணாம், ஆப் வேணும் சாட்பாட் வேணும்னு பட்டியல் வரும், அது எதுவும் பிரச்சனையோட காரணத்தை சொல்லாது. கேள்விக்கு முன்னாடி நீங்க என்ன திட்டம் வச்சிருக்கீங்க, ஏன்னு நாலு வரி எழுதுங்க, வேற வழி யோசிச்சிருந்தா அதையும். பின்னணி தெரியாம யாரும் உருப்படியா பதில் சொல்ல முடியாது. எழுதி முடிச்சதும் உங்க துறைக்கு சம்பந்தமே இல்லாத ஒருத்தரை சத்தமா படிக்க சொல்லுங்க, எங்க தடுக்கி நிக்கறாரோ அந்த வரியை மாத்துங்க.

8. எந்த வழியா கேட்கறது

ஒரே வழி எந்த சேவைக்கும் போதாது, ஆனா எல்லா வழியையும் திறந்து வச்சா சமாளிக்க முடியாது. நாலாவது படியில எழுதின பட்டியலை எடுத்து ஒவ்வொரு கூட்டமும் ஏற்கனவே எங்க இருக்காங்கன்னு பாருங்க, அங்க போங்க. பாதியில விட்டவங்க உங்க போர்ட்டலுக்கு வந்து கருத்து எழுத மாட்டாங்க, அவங்களுக்கு போன் தான். ஊழியர்களுக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் அரை மணி நேரம். டேட்டா கொடுக்கற துறைக்கு ஸ்க்ரீனை காட்டாதீங்க, எந்த டேட்டா எப்போ எந்த வடிவத்துலன்னு டெக்னிக்கல் மீட்டிங்.

கருத்து சொல்ல லாகின் கேட்காதீங்க. அமெரிக்காவுல ஹெல்த்கேர் டாட் கவ்ங்கற அரசு மருத்துவ இன்சூரன்ஸ் வெப்சைட் 2013 அக்டோபர் 1ல ஆரம்பிச்சப்போ, இன்சூரன்ஸ் திட்டங்களை பார்க்கறதுக்கே முதல்ல கணக்கு தொடங்கணும்னு வச்சிருந்தாங்க. கூட்டம் மொத்தமும் அந்த கதவுல முட்டி நின்னுச்சு, முதல் நாள்ல முழுசா பதிவு முடிச்சவங்க 6 பேர். வேற கோளாறும் நிறைய இருந்துச்சு, ஆனா கதவை வாசல்ல வச்சது பெரிய காரணம். கருத்து ஃபார்முக்கும் இதே தான்.

கருத்து மோதற விஷயமா இருந்தா, ஒருத்தருக்கு ஒருத்தர் பதில் எழுதற கமென்ட் பெட்டி வேணாம், சண்டை தான் வரும். போலிஸ்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி இருக்கு (காவல்துறைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல): ஒவ்வொருத்தரும் ஒரு வரி கருத்து போடலாம், மத்தவங்க வரிக்கு ஒத்துக்கறேன், ஒத்துக்கல, தெரியலன்னு மட்டும் சொல்லலாம், பதில் எழுத வழியே கிடையாது. தைவான்ல மக்கள் கருத்தை வச்சு விதி பேசற வி-தைவான் குழு, 2015ல ஊபரை எப்படி முறைப்படுத்தறதுங்கற விவகாரத்துக்கு இதை வச்சாங்க, டாக்ஸிக்காரங்களும் ஊபர் பயணிகளும் ரெண்டு அணியா பிரிஞ்சாலும் ரெண்டு அணியும் ஒத்துக்கற வரிகள் தனியா மேல வந்துச்சு, அதை வச்சு தான் விதி பேச்சு நகர்ந்துச்சு. திட்டம் முன்மொழிஞ்சு விவாதிச்சு வரிசைப்படுத்தற அளவுக்கு பெருசா வேணும்னா பார்சிலோனாவுல தொடங்கின டெசிடிம் இருக்கு, அதுவும் ஓப்பன் சோர்ஸ். கருவி வாங்கறதை மட்டும் முதல் வேலையா வச்சுக்காதீங்க, டெண்டர் போட்டு வாங்கின கருவிக்கு ஏத்த மாதிரி கேள்வியை வளைக்கற கூத்து நடக்கும்.

எந்த வழியா இருந்தாலும் அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடியுதான்னு பாருங்க. டபிள்யூசிஏஜி 2.2 (வெப்சைட் அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி) படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5க்கு 1 வெளிச்ச வேறுபாடு வேணும், தொடற பட்டன் 24க்கு 24 பிக்சலுக்கு குறையக்கூடாது. அழைப்பை ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்பா போட்டா ஸ்க்ரீன் ரீடருக்கு அது வெறும் படம், ஒண்ணும் படிக்காது.

9. நேரம்

பிரிட்டன்ல 1985ல ஒரு வழக்குல சொன்ன கன்னிங் விதிகள்னு நாலு இருக்கு: முடிவு உருவாகற கட்டத்துலயே கேட்கணும், புரிஞ்சு பதில் சொல்ற அளவுக்கு காரணம் கொடுக்கணும், போதுமான நேரம் கொடுக்கணும், வந்த பதிலை மனசாட்சியோட பரிசீலிக்கணும். பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2014ல அதை ஏத்துக்கிச்சு. உங்க நாட்டு சட்டம் எதுவா இருந்தாலும் இந்த நாலையும் செக்லிஸ்ட்டா வச்சுக்கலாம், நல்ல லிஸ்ட்.

எத்தனை நாள்னா, சங்கங்களும் அமைப்புகளும் தங்களுக்குள்ள ஒரு கூட்டம் போட்டு பேசி பதில் அனுப்பற அளவுக்கு. பண்டிகை விடுமுறை, தேர்வு சமயம், நிதியாண்டு முடியற வாரம் இதுல வைக்காதீங்க. அப்புறம் கடைசி தேதிக்கும் அடுத்த வெர்ஷன் வேலை ஆரம்பிக்கறதுக்கும் நடுவுல உங்களுக்கே படிக்க இடைவெளி விடுங்க. வெள்ளிக்கிழமை கருத்து முடியுது, திங்கக்கிழமை லைவ் போகுதுன்னா யாரும் படிக்கலன்னு எல்லாருக்கும் தெரியும்.

10. வந்ததை பிரிக்கறது

ரெண்டு பேர் தனித்தனியா முதல் ஐம்பது பதிலை படிச்சு தலைப்பு போடுங்க, அப்புறம் ஒப்பிடுங்க. ஒருத்தர் "லாகின் பிரச்சனை"ன்னு போட்டதை இன்னொருத்தர் "மொழி பிரச்சனை"ன்னு போட்டிருப்பார், அந்த வித்தியாசத்துல தான் விஷயம் இருக்கும். ஏஐ வச்சு மொத்தமா சுருக்கிடலாம்னு தோணும். முதல் ஐம்பதை மனுஷங்க படிக்காம அதை செய்யாதீங்க, அரிதா வர்ற ஆனா கடுமையான பிரச்சனை சுருக்கத்துல காணாம போயிடும்.

எண்ணிக்கையை ஓட்டு மாதிரி எண்ணாதீங்க. அமெரிக்க தகவல்தொடர்பு ஆணையம் 2017ல நெட் நியூட்ராலிட்டி (இணைய நிறுவனங்க எல்லா தளத்தையும் சமமா நடத்தணுங்கற கொள்கை) பத்தி கருத்து கேட்டப்போ 2 கோடியே 20 லட்சத்துக்கு மேல வந்துச்சு, அதுல சுமார் 1 கோடியே 80 லட்சம் போலின்னு நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2021ல அறிக்கை கொடுத்தாங்க. அச்சு அசலா ஒரே வார்த்தையில வந்ததை ஒரு கருத்தா வச்சு, எத்தனை தடவை வந்துச்சுன்னு பக்கத்துல எழுதுங்க. தூக்கிப் போடாதீங்க, அமைப்பு ஒண்ணு உண்மையான உறுப்பினர்களை வச்சு அனுப்பினதாவும் இருக்கலாம்.

ஒரே ஒருத்தர் சொன்னாலும் "இந்த ஃபார்மால என் உதவித்தொகை நின்னுபோச்சு"ன்னா அது மேல வரணும். நூறு பேர் கலர் பிடிக்கலன்னு சொன்னது கீழ போகலாம்.

11. பதில் சொல்றது

மூணாவது படி டேபிளை இப்போ நிஜமா நிரப்புங்க. அதிகாரம் உள்ளவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் முடிவு சொல்லணும், ரெண்டு மணி நேரம் ஆகும், விடாதீங்க. "மாத்த முடியாது"ங்கற வரிக்கு காரணம் ரெண்டு வாக்கியத்துல, சட்டப் பிரிவு எண்ணை மட்டும் போட்டுட்டு போறது காரணம் ஆகாது.

பதில் எப்போ வரும்னு முதல்லயே விதியா வச்சிருந்தா தப்பிக்க முடியாது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற மனு தளத்துல 10,000 கையெழுத்து வந்தா அரசு பதில், 1,00,000 வந்தா விவாதத்துக்கு பரிசீலனைன்னு வெளிப்படையா எழுதியிருக்கு. உங்களுக்கு அவ்வளவு பெரிய எண் தேவையில்ல, "கருத்து முடிஞ்சு இத்தனை வாரத்துல டேபிள் வெளியாகும்"னு அழைப்புலயே தேதி போட்டா போதும். வெளியிட்டதும் கருத்து சொன்னவங்களுக்கு நேரா ஒரு மெசேஜ், ஊழியர்களுக்கு மக்களுக்கு முன்னாடியே. கவுன்ட்டர்ல இருக்கறவர் மாற்றத்தை விண்ணப்பதாரர் வாயால தெரிஞ்சுக்கற நிலைமை வந்தா அடுத்த ரவுண்டுல அவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டார்.

12. லைவ் போனதுக்கு அப்புறம்

சின்னதா ஆரம்பிங்க, ஒரு அலுவலகம் இல்ல ஒரு விண்ணப்ப வகை மட்டும், பீட்டா (சோதனை வெர்ஷன்)ன்னு மேல எழுதி, அந்த இடத்துலயே கருத்து லிங்க் வச்சு. பிரிட்டன் அரசோட டிஜிட்டல் சேவைக் குழு ஆட்கள் நாலு விஷயத்தை அளக்க சொல்றாங்க: பயனாளி திருப்தி, எத்தனை பேர் முழுசா முடிச்சாங்க, எத்தனை பேர் டிஜிட்டல் வழியா வந்தாங்க, ஒரு பரிவர்த்தனைக்கு எவ்வளவு செலவு. நான் அஞ்சாவதா ஒண்ணு சேர்ப்பேன்: ஆன்லைன்ல ஆரம்பிச்சுட்டு கால் சென்டருக்கு போன் பண்ணினவங்க எத்தனை பேர். திருப்தி எண் ஏறிக்கிட்டே இருக்கும்போது இதுவும் ஏறுச்சுன்னா திருப்தி இல்லாதவங்க திருப்தி கேட்கற ஃபார்மை எட்டவே இல்லன்னு அர்த்தம்.

கருத்து சொல்ற குழுவை அப்பப்போ மாத்துங்க. ஒரே ஆளுங்க ஒரு வருஷம் உட்கார்ந்தா அவங்க உங்க சிஸ்டத்துக்கு பழகிடுவாங்க, திரையில எது புரியலன்னு அவங்களுக்கே தெரியாது.

ஆன்லைனை கட்டாயமாக்கற நாள் வந்தா விலக்கு வழியும் அதே நாள்ல தயாரா இருக்கணும். டென்மார்க்ல 2014 நவம்பர் 1ல இருந்து அரசு கடிதம் எல்லாம் டிஜிட்டல் பெட்டிக்கு தான்னு ஆக்கினப்போ, முடியாதவங்க விலக்கு கேட்கலாம்னு விதியிலயே வச்சாங்க. உங்ககிட்டயும் விலக்கு கேட்டு கவுன்ட்டருக்கு வர்றவங்களை "டிஜிட்டல் தெரியாதவங்க"ன்னு ஒரே பெட்டியில போடாம, ஏன் வந்தாங்கன்னு கவுன்ட்டர்லயே ஒரு வரி எழுதி வைக்க சொல்லுங்க: போன் இல்ல, நம்பர் மாறிடுச்சு, பேரு ரெண்டு ஆவணத்துல ரெண்டு மாதிரி இருக்கு, முன்னாடி ஆன்லைன்ல பணம் போய் ரசீது வரல. அடுத்த ரவுண்டு டேபிளோட முதல் வரிகளை அங்கிருந்து எடுங்க.